யார் கூப்பிட்ட பெயர்?
ரோமானிப் பெண் பெயர்களைத் தொகுக்க வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

“ரோமானிப் பெண் பெயர்கள் ஐம்பது, எதிரே பொருளோடு, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் ஐயா” என்று போன மாதம் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நாற்பது வருடங்களுக்கு முன் நானும் இப்படித்தான் தொடங்கினேன். விக்தோர் ஹ்யூகோவின் நோத்ர தாம் நாவலைச் சுருக்கித் தமிழில் எழுதியபோது, எஸ்மெரால்டா என்ற பெயருக்கு ‘மரகதம், ஜிப்சி மொழிச் சொல்’ என்று அடிக்குறிப்பு போட்டேன். மரகதம் என்பது சரி. ஜிப்சி மொழி என்பது தப்பு. அது ஸ்பானியச் சொல். இரண்டு பதிப்புகளில் அந்தக் குறிப்பு அப்படியே போயிற்று. ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடியவர்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கூச்சம் கற்றுக்கொடுத்ததைத்தான் கீழே எண் போட்டு வைக்கிறேன்.

1. பெயருக்கு முன்னால் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் ரோமா மக்கள் ஒரு கோடிக்குக் குறையாமல் இருப்பதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ‘ஜிப்சி’ என்பது, இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று பிறர் தவறாக நம்பியதில் பிறந்த சொல். அவர்கள் மொழியான ரோமானியில் ரோம் என்றால் ஆண், கணவன். ரோம்னி என்றால் பெண், மனைவி. ஜெர்மனி, நெதர்லாந்துப் பக்கம் ஸிந்தி என்பார்கள்; சிந்து மாநிலத்துச் சிந்திகளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபின்லாந்திலும் வேல்ஸிலும் காலே. ஸ்பெயினில் கித்தானோ. ஒவ்வொரு கூட்டத்துக்கும் பெயர் வைக்கும் வழக்கம் வேறு.

இன்னொன்று. தமிழில் இவர்களைக் ‘குறத்தி’ என்றும் ‘நரிக்குறவர்’ என்றும் பெயர்த்து எழுதும் பழக்கம் உண்டு. நானும் எழுதியவன்தான். நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலியும் இந்தோ-ஆரிய மொழியே. ஆனாலும் அவர்கள் வேறு மக்கள், அவர்கள் வரலாறு வேறு. ஊர் ஊராகப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் ஆகிவிட மாட்டார்கள்.

2. ஆளுக்கு இரண்டு பெயர் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

ரோமானியில் பெயருக்கு ‘அனவ்’ அல்லது ‘நவ்’ என்று பெயர். நம் ‘நாமம்’ வந்த அதே வேரிலிருந்து வந்த சொல். பல குடும்பங்களில் பெண்ணுக்கு ஒரு பதிவுப் பெயர் இருக்கும். ஞானஸ்நானம், பள்ளிக்கூடம், போலீஸ் எல்லாவற்றுக்கும் அது. வீட்டில், கூட்டத்தில் கூப்பிட இன்னொன்று இருக்கும். போலந்தின் பெருங்கவி ப்ரோனிஸ்லாவா வைஸ், 1987-ல் இறந்தவர். அவருடைய மக்களுக்கு அவர் பாப்புஷா. ‘பொம்மை’ என்று பொருள். ஆஸ்திரியாவின் எழுத்தாளரும் ஓவியருமான செய்யா ஸ்டோய்காவுக்கு (1933–2013) ஏட்டுப் பெயர் மார்கரெத்தே. ஸ்வீடனின் கத்தரீனா தைகோன் 1969 முதல் தம் குழந்தைப் பருவத்தைக் குழந்தைகளுக்கான கதை வரிசையாக எழுதினார். அந்தக் கதைகளின் சிறுமி கத்தரீனா அல்ல, கத்தித்ஸி.

பழைய புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு பெயரும் வரும்: தாய் குழந்தையின் காதில் மட்டும் சொல்லும் ரகசியப் பெயர், பேயை ஏமாற்றுவதற்கு. படிக்க அழகாக இருக்கும். அதை எல்லா ரோமா வீட்டுக்கும் பொதுவிதி ஆக்கிவிடாதீர்கள். எந்தக் கூட்டம், யார் பார்த்தது, எப்போது என்று மூன்றும் இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

3. ஈற்றைப் பாருங்கள், பாதி விடை அங்கே இருக்கும்.

ரோமானியில் பழைய சொற்கள் பல ஆணுக்கு ஓகாரத்திலும் பெண்ணுக்கு இகரத்திலும் முடியும். காலோ கருப்பன், காலி கருப்பி. லோலோ சிவந்தவன், லோலி சிவந்தவள். பார்னோ வெள்ளையன், பார்னி வெள்ளைச்சி. இதன் மூலம் ‘பாண்டு’ என்ற சமஸ்கிருதச் சொல். மகாபாரதத்துப் பாண்டுவும் வெளுத்தவன்தானே. காலி, பார்னி போன்றவை பெரும்பாலும் ஆளின் நிறத்தைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும் அழைப்புப் பெயர்கள்.

வழியில் கடனாக வாங்கிய பெண்பாற் சொற்கள் பெரும்பாலும் ஆகாரத்தில் முடியும். ரூஜா (ரோஜா), ஸ்லாத்தா (தங்கம்) இரண்டும் ஸ்லாவிய மொழிகள் தந்தவை. சில பெயர்களில் இரண்டும் கலந்திருக்கும். ரூபா என்ற பெயரின் உள்ளே இருப்பது ‘ரூப்’, அதாவது வெள்ளி. அது இந்தியாவிலிருந்து கூடவே போன சொல். கடைசியில் ஒட்டிய ஆகாரம் ஐரோப்பா கொடுத்தது. ஒரே பெயருக்குள் ஆயிரம் வருடம் உட்கார்ந்திருக்கிறது.

4. தெரிந்த சொல் கண்ணில் பட்டதும் துள்ளாதீர்கள்.

நம்மவர்களுக்கு இதுதான் பெரிய பள்ளம். ‘ரூப்’ என்பதைப் பார்த்ததும் ரூபாய் நினைவுக்கு வரும். அது சரியான நினைவு. இரண்டுமே வெள்ளியைக் குறிக்கும் ரூப்ய என்ற சொல்லின் பிள்ளைகள். மனுஷ்னி என்றால் பெண், நம் மனுஷி. ராணி என்றால் மதிப்புக்குரிய சீமாட்டி; நம் ராணியேதான். இவ்வளவும் நிரூபணமான உறவு.

இதற்கு மேல் ஓர் அடி வைத்தால் வழுக்கும். பிரான்சின் தெற்குக் கடற்கரையில் செந்த்-மரீ-த-ல-மேர் என்ற ஊர். அங்கே தேவாலயத்தின் நிலவறையில் கருநிறச் சாராவின் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் மே 24 அன்று ரோமா மக்கள் அவளைக் கடலுக்கு எடுத்துச் செல்கிறார்கள். அவளைச் ‘சாரா எ காலி’ என்கிறார்கள். உடனே நம் ஆட்கள் “பார்த்தீர்களா, காளி!” என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். சாரா எ காலி என்றால் கருப்புச் சாரா, அவ்வளவுதான். சொல்லின் வேர் ஒன்று என்பதால் தெய்வமும் ஒன்று என்று ஆகிவிடாது.

இந்திரா என்ற பெயரும் அப்படியே. முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளில் இந்தப் பெயருடைய பெண்கள் பலர் உண்டு. ரோமா அல்லாதவர்களும் வைத்திருக்கிறார்கள். அது புராதன நினைவில் வந்ததல்ல. அணிசேரா நாடுகளின் காலத்தில் செய்தித்தாளிலிருந்து தொட்டிலுக்கு வந்த பெயர்.

5. பூப்பெயர்களை வரைபடத்தோடு படியுங்கள்.

லுலுதி, லுலுஜா என்ற வடிவங்களில் வழங்கும் பெயருக்குப் பூ என்று பொருள். பலரும் இதைச் சுத்த ரோமானிப் பெயர் என்று முதல் வரியில் வைப்பார்கள். சொல் கிரேக்கம், இன்றைக்கும் ஏதென்ஸ் பூக்கடையில் லுலூதி என்றால் பூ கிடைக்கும். ரோமா மக்கள் பைசாந்தியத்தில் நெடுங்காலம் தங்கியதன் தடம் அது. அவர்கள் ஒன்று முதல் ஆறு வரை நமக்குப் பழகிய மாதிரி எண்ணிவிட்டு (யேக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ஜ், ஷோவ்), ஏழு எட்டு ஒன்பதுக்குக் கிரேக்கத்துக்குத் தாவுவார்கள்: எஃப்தா, ஓக்தோ, எஞ்ஞா. பத்துக்கு மறுபடி தேஷ். பாதையைக் குறிக்கும் ‘த்ரோம்’ என்ற சொல்லும் கிரேக்கம்தான். நடந்த வழிக்கே வழியில்தான் பெயர் கிடைத்திருக்கிறது.

அதற்கு முன்னால் பாரசீகம் வரும். ‘பக்த்’ என்றால் அதிர்ஷ்டம், பக்தலி என்றால் அதிர்ஷ்டக்காரி. பின்னால் ருமேனியா வரும். அங்கே ஸம்பிலா (ஹையசிந்த் பூ), ஃப்ளோரிக்கா (சின்னப் பூ) போன்ற பெயர்கள். சிபியூ நகரக் கவிஞர் லுமினித்சா சியோவாபாவின் பெயர் ருமேனிய மொழியில் ‘சின்ன வெளிச்சம்’. அந்த ருமேனிய நிலங்களில்தான் ரோமா மக்கள் ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகள் அடிமைகளாக இருந்தார்கள். 1855–56-ல்தான் அது முழுதாக ஒழிந்தது. ‘இனிய பூப்பெயர்’ என்று குறிப்பு எழுதும்போது அந்த ஐந்நூறு வருடமும் உங்கள் மேசைமேல் இருக்கட்டும்.

6. கோயில் எது, பள்ளிவாசல் எது என்று கேளுங்கள்.

ரோமா மக்களுக்கென்று தனி மதம் ஒன்றில்லை. இருந்த ஊரின் மதத்தில் சேர்ந்தார்கள், அந்த மதத்தின் பெயரை எடுத்தார்கள், ஆனால் எடுப்பதில் ஒரு ருசி காட்டினார்கள். இங்கிலாந்து ரோமா குடும்பங்களில் கெசாயா என்ற பெயர் பிரியமானது. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு அவளைத் தெரியும். யோபுவின் இரண்டாம் மகள் கெத்சீயாள். எபிரேயத்தில் அது ஒரு வாசனைப் பட்டையின் பெயர். அக்கம்பக்கத்து ஆங்கிலேயர் மேரி, ஆன் என்று வைத்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் கெசாயா, சின்ஃபி, பிரிட்டானியா, சின்டரெல்லா என்று வைத்தார்கள். ஸ்பெயினில் சுவிசேஷ சபைகளில் சேர்ந்த கித்தானோ வீடுகளில் சராய் என்ற பெயர் நிறையக் கேட்கும். ஆபிரகாமின் மனைவி சாராளாக ஆவதற்கு முன்பிருந்த பெயர் அது.

பால்கன் பகுதி முஸ்லிம் ரோமாக்களிடம் துருக்கி வழியாக வந்த அரபுப் பெயர்கள் உண்டு. ஸ்கோப்யே நகரத்துப் பாடகி எஸ்மா ரெஜெபோவாவை (1943–2016) ரோமா இசையின் அரசி என்றார்கள். 1976-ல் சண்டிகரில் நடந்த ரோமா இசை விழாவுக்கும் வந்தார். அவர் பெயருக்கு அரபியில் உள்ள பொருள்களில் ஒன்று ‘பெயர்கள்’ என்பது. தொகுப்பாளருக்கு இதைவிட நல்ல சகுனம் கிடையாது.

7. நாவலாசிரியரை நம்பாதீர்கள், ஆனால் அலட்சியமும் செய்யாதீர்கள்.

உலகத்துக்கு அதிகம் தெரிந்த மூன்று ‘ஜிப்சிப் பெண் பெயர்’களைச் சொல்லச் சொன்னால் எஸ்மெரால்டா, கார்மென், ஸெம்ஃபீரா என்பீர்கள். முதலாவது ஹ்யூகோ (1831), இரண்டாவது மெரிமே (1845), மூன்றாவது புஷ்கின். மூவரும் ரோமா அல்ல. ஹ்யூகோவின் கதையிலேயே எஸ்மெரால்டா பிரெஞ்சுக்காரியின் மகள், பிறந்தபோது வைத்த பெயர் ஆன்யேஸ். கார்மென் என்பது கார்மேல் மலை மாதாவின் பெயர். ஸ்பெயினில் எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்புவார்கள்.

இத்தோடு அடித்துவிடலாம் என்று பேனாவைத் தூக்கினால், நிஜம் குறுக்கே வந்து நிற்கும். எஸ்மெரால்டா லாக் என்று ஒரு ரோமானிப் பெண் 1854-ல் பிரிட்டனில் பிறந்தார். ரோமானி ஆய்வாளர் ஃபிரான்சிஸ் ஹிண்ட்ஸ் குரூமுக்கு மனைவியானார். ஸ்பெயினின் மாபெரும் ஃபிளமெங்கோ நடனக்காரி கார்மென் அமாயாவும் கித்தானோ குடும்பத்துப் பெண்தான். பெயர் எங்கிருந்து கிளம்பியது என்பது ஒரு கேள்வி. யார் அதைச் சுமந்து வாழ்ந்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள்.

8. பட்டியலிலிருந்து பட்டியல் செய்யாதீர்கள்.

குழந்தைப் பெயர்ப் புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்படுபவை. ‘ஜிப்சி மொழியில் ஞானமுள்ளவள்’ என்று ஒருவர் எழுதினால் நூறு பேர் அதையே எழுதுவார்கள். பெயரைச் சேர்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தச் சொல் எந்த ரோமானிக் கிளைமொழியின் அகராதியில் இருக்கிறது? இந்தப் பெயரோடு உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணைக் காட்ட முடியுமா? அவளை யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? இரண்டுக்காவது பதில் இல்லாவிட்டால் பெயரை வெளியே நிறுத்துங்கள். ஐம்பதுக்குப் பதில் பன்னிரண்டு வரட்டும். குறைந்து போகாது.

9. அரசாங்கம் கை வைத்த இடத்தைத் தேடுங்கள்.

ஒரு பெண்ணின் பெயர் திடீரென்று மாறியிருந்தால் கல்யாணம்தான் காரணம் என்று எண்ணாதீர்கள். ஹங்கேரியில் மரியா தெரேசாவின் ஆட்சி 1761-ல் இவர்களைப் பழைய இனப்பெயரால் அழைக்கக் கூடாது, ‘புதிய ஹங்கேரியர்’ என்றே அழைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பின்னால் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியானவர் வீடுகளில் வளர்க்கவும் ஆணை வந்தது. பல்கேரியாவின் கம்யூனிஸ்ட் அரசு 1962-லேயே ரோமாக்களின் முஸ்லிம் பெயர்களை மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டது. 1984–85 குளிர்காலத்தில் அதே கை துருக்கியர் எல்லாருடைய பெயர் மேலும் விழுந்தது. 1990-ல்தான் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது.

ஆகவே அந்த ஊர் ஏட்டில் ஒரு பெண் ஸ்லாவியப் பெயரோடு இருந்தால், ‘இந்தக் குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம்’ என்று குறிப்பு எழுதுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள். ஏடு சொல்வது அவள் யார் என்பதாக இல்லாமல், ஏட்டை வைத்திருந்தவர் யார் என்பதாக இருக்கலாம்.

10. தமிழில் எழுதும்போது காதுக்கு எழுதுங்கள்.

ரோமானி நெடுங்காலம் வாய்மொழி. எந்த நாட்டில் எழுதினார்களோ அந்த நாட்டு எழுத்து முறையில் எழுதினார்கள். போலந்து எழுத்தைப் பார்த்து ‘பாப்புஸ்ஸா’ என்று எழுதாதீர்கள், ஒலிப்பு பாப்புஷா. ஆங்கிலேயர் ராணி என்ற சொல்லைத் தங்கள் காதில் விழுந்தபடி ‘ராவ்னி’ என்று எழுதிவைத்தார்கள். நீங்கள் இரண்டையும் வெவ்வேறு பெயராக இரண்டு பக்கத்தில் வைத்துவிடக் கூடாது.

பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம். பாப்புஷாவைப் பொம்மி ஆக்கினால் நம் காதுக்கு இனிக்கும். தன் கவிதைகள் போலிஷ் மொழியில் அச்சேறியதற்காகச் சொந்த மக்களே ஒதுக்கிவைத்த ஒரு பெண் இருந்த இடம் காலியாகிவிடும்.

11. உறவுப் பெயர்களுக்கு ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

பெயர்ப் பட்டியலில் வராதது, ஆனால் ஒரு பெண் நாள் முழுக்கக் கேட்பது உறவுப் பெயரைத்தான். தாயை ‘தாயே!’ என்று ஏறக்குறைய நம் உச்சரிப்பிலேயே கூப்பிடுவார்கள். அவர்கள் சொல் தாய், விளி தாயே. நம் தாயோடு அதற்கு வேர்த்தொடர்பு இருப்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். நான்காம் அறிவுரை ஞாபகம் இருக்கட்டும். மகளே என்பதற்குச் சாயே. சகோதரி பேன். மருமகள் போரி. அத்தை அல்லது பெரியம்மா வயதுப் பெண்மணி பிபி. செர்பியாவின் ரோமாக்கள் பிபியா என்ற பெயரில் பிள்ளைகளைக் காக்கும் ஒரு தெய்வ அத்தைக்கே விழா எடுக்கிறார்கள். வயதான பெண்ணைப் பூரி தாய், கிழத் தாய், என்பது மரியாதை. அதில் இழிவு கிடையாது.

கல்தெராஷ் கூட்டத்தில் ஒருத்தியை அடையாளம் சொல்ல ‘மாரா லெ ஸ்தெவோஸ்கி’ என்பதுபோல் சொல்வார்கள்: ஸ்தெவோவைச் சேர்ந்த மாரா. கல்யாணத்துக்கு முன் ஸ்தெவோ அப்பா, பின் புருஷன். மாரா மட்டும் மாறமாட்டாள்.

12. பொருள் கிடைக்காத பெயரைக் கீழே போடாதீர்கள்.

கடைசியாக ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். 1944 மே 19. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து ஆவுஷ்விட்ஸுக்கு ரயில் புறப்படுகிறது. சரக்கு வண்டியின் கதவிடுக்கில் ஒரு சிறுமியின் முகம். மொட்டையடித்த தலையில் துணி சுற்றியிருக்கிறாள். படச்சுருளில் சில நொடிகள். போருக்குப் பின் அந்த முகம் உலகமெங்கும் போயிற்று. அவள் யூதச் சிறுமி என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஐம்பது வருடம் அவள் ‘தலைத்துணிச் சிறுமி’.

ஆட் வாகனார் என்ற டச்சுப் பத்திரிகையாளர் தேடத் தொடங்கினார். வண்டியின் எண், பெட்டியின் மேல் எழுதியிருந்தது, முகாம் ஏடுகள் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போய், 1994-ல் அவள் யார் என்று நிலைநாட்டினார். ஸிந்தி குடும்பத்துப் பெண், ஒன்பது வயது. ஏட்டில் அன்னா மரியா ஸ்டைன்பாக். அதே பெட்டியில் போய் உயிர் தப்பிய ஒரு பெண்மணிக்கு இன்னொரு பெயர் ஞாபகம் இருந்தது. கதவருகே நின்ற பிள்ளையை உள்ளே வா என்று தாய் கூப்பிட்ட பெயர்: செட்டெலா.

ஆவுஷ்விட்ஸைச் சேர்ந்த பிர்கெனாவ் ‘ஜிப்சி முகாமின்’ பதிவேடுகள் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இருந்தன. போலந்துக் கைதிகள் அவற்றை 1944-ல் ஒரு வாளியில் வைத்து மண்ணில் புதைத்தார்கள். 1949-ல் தோண்டி எடுத்தபோது ஈரத்தில் பல பக்கங்கள் கெட்டுப்போயிருந்தன. சுமார் 21,000 பேர் அதில் இருக்கிறார்கள். பெண்கள் ஏட்டில் அன்னாக்களும் மரியாக்களும் வரிசையாக வருவார்கள். அன்னாவுக்கும் மரியாவுக்கும் பொருள் எழுத நமக்கு ஐந்து நிமிடம் போதும். அவர்களுடைய செட்டெலாக்கள் அந்த ஏட்டில் இல்லை. அவை கூப்பிட்டவர்களின் வாயில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஐம்பது கேட்ட தம்பிக்கு நான் பன்னிரண்டு பெயர்தான் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: ‘பொருள்’, ‘கூப்பிட்டவர்’. செட்டெலாவுக்கு முதல் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். இரண்டாவதில் ‘அம்மா’ என்று எழுதினேன்.